சீமாட்டி பானினாவின் கணக்கு

தல்ஸ்தோயும் செகாவும் அருகருகே அமர்ந்திருக்கும் பழைய புகைப்படம் ஒன்றை ருஷ்ய இலக்கியத்தில் ஈடுபாடு கொண்ட வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். 1901-இல் கிரிமியாவின் தென்கரையில், காஸ்ப்ரா என்னும் ஊரில் எடுக்கப்பட்டது அது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ருஷ்யத் திருச்சபை தல்ஸ்தோயைத் தன்னிடமிருந்து விலக்கியிருந்தது. உடல் நலிந்த எழுபத்து மூன்று வயது முதியவர் கடற்காற்றை நாடி இலையுதிர் காலத்தில் காஸ்ப்ராவுக்கு வந்தார். வந்த இடத்தில் நுரையீரல் காய்ச்சல் கண்டது. அது தணிந்ததும் டைபாய்டு. பிழைப்பாரா என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. பிழைத்து எழுந்து, 1902 கோடையில்தான் ஊர் திரும்பினார். பக்கத்து ஊரான ஒலெயிஸில் தங்கியிருந்த கார்க்கி அவரை அடிக்கடி வந்து பார்த்தார். தல்ஸ்தோயைப் பற்றிக் கார்க்கி எழுதிய புகழ்பெற்ற நினைவுக் குறிப்புகள் அந்தக் காலத்தில்தான் உருக்கொண்டன.

அந்த வீடு யாருடையது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. இலக்கியச் சரித்திரத்தில் வீட்டுக்காரர்களுக்கு இடம் கிடையாது. அது சோபியா விளாதிமிரொவ்னா பானினா என்ற முப்பது வயதுச் சீமாட்டியின் மாளிகை. நோயுற்ற எழுத்தாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் தங்குவதற்காக அதைக் கொடுத்திருந்தார்.

இதே பெண்மணி இன்னோரிடத்திலும் நம் கண்ணில் பட்டிருக்கிறார். அக்டோபர் புரட்சியை நேரில் கண்டு எழுதிய ஜான் ரீடின் நூலைப் படித்தவர்கள், புரட்சி அரசின் மக்கள்நலத் துறையை ஏற்க அலெக்சாந்திரா கொல்லொந்தாய் வந்த காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். பழைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அநாதைகளும் ஊனமுற்றோரும் வாசலில் வந்து நிற்கிறார்கள். கொல்லொந்தாய் கண்ணீரோடு ஊழியர்களைச் சிறைவைத்துச் சாவியைப் பெறுகிறார். பெட்டகத்தைத் திறந்தால் பணம் இல்லை. முந்தைய பொறுப்பாளரான சீமாட்டி பானினா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அரசியல் நிர்ணய சபை ஆணையிட்டாலன்றித் தரமாட்டேன் என்கிறார். ரீடுக்கு இது ஓரிரு வாக்கியச் செய்தி. படிக்கிற நம் மனத்தில் தங்கிவிடுவது அநாதைகளின் பணத்தோடு போன ஒரு பணக்காரச் சீமாட்டியின் உருவம்.

ரீட் இங்கே இரண்டு அமைச்சகங்களைக் கலந்துவிட்டார் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. பானினா எதற்காக விசாரிக்கப்பட்டாரோ அந்தப் பணம் கல்வி அமைச்சகத்தினுடையது. ஆனால் பணத்தைத் தர மறுத்தார் என்பது உண்மை. தல்ஸ்தோய்க்கு வீட்டைத் திறந்துவிட்ட கை, புரட்சி அரசுக்குப் பெட்டகத்தைத் திறக்க மறுத்தது ஏன்? இதற்கு விடை காண அவருடைய வாழ்வை ஆரம்பத்திலிருந்து பார்க்கவேண்டும்.

பானின் குடும்பம் ருஷ்யப் பிரபுக்குலங்களில் முதல் வரிசையில் இருந்தது. இரண்டாம் காத்தரீன் அரசியின் காலத்தில் வெளியுறவு விவகாரங்களை நடத்திய நிகிதா பானின் இந்தக் குலத்தவர். சோபியாவின் தாத்தா விக்டர் பானின் 1841 முதல் 1862 வரை நீதி அமைச்சராக இருந்தவர். ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகளுக்கு உடைமையாளர். பண்ணையடிமை முறையை ஒழிப்பதற்கான சட்டத்தை வரைந்த குழுவுக்கு 1860-இல் அவரையே தலைவராக்கினார் ஜார். அந்த ஒழிப்பில் சிறிதும் விருப்பமில்லாதவர் அவர். இந்த நியமனத்தைக் கேட்டுச் சீர்திருத்த அன்பர்கள் திகைத்துப் போனார்கள்.

சோபியா 1871-இல் பிறந்தார். மறு ஆண்டே தந்தை இறந்தார். தாய் 1882-இல் இவான் பெத்ருன்கேவிச் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். பெத்ருன்கேவிச் அரசியல் சட்டம் வேண்டும், மக்களாட்சி வேண்டும் என்று பேசியதற்காகக் காவல்துறையின் கண்காணிப்பில் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவரின் வீட்டில் பானின் குலத்தின் ஒரே வாரிசு வளர்வதைத் தந்தை வழிப் பாட்டி பொறுத்துக்கொள்ளவில்லை. விவகாரம் ஜார் மூன்றாம் அலெக்சாந்தரிடம் போனது. தாயிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சிறுமி, பிரபுக்குலப் பெண்களுக்கான விடுதிப் பள்ளியொன்றில் சேர்க்கப்பட்டாள். ஒரு குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்பதை அரசின் அரசியல் வெறுப்பு தீர்மானித்தது. அதிகாரம் தனி வாழ்வுக்குள் எவ்வளவு தூரம் கையை நீட்டும் என்ற முதல் பாடத்தைச் சோபியா பதினோரு வயதளவிலேயே கற்றுவிட்டார் எனலாம்.

பள்ளி முடிந்தது. 1890-இல் தலைநகரின் செல்வாக்கு மிக்க குடும்பத்து இளைஞர் ஒருவருடன் திருமணம் நடந்தது. அந்த மணம் நிலைக்கவில்லை, 1896-இல் மணமுறிவு. பிரபுக்குலப் பெண்ணுக்கு அந்த நாளில் அது எளிய காரியமன்று. பானினா என்ற தம் பிறந்த வீட்டுப் பெயரை அவர் மீண்டும் எடுத்துக்கொண்டார். அதன்பின் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லை. மாஸ்கோவை அடுத்த மார்ஃபினோ, கிரிமியாவின் காஸ்ப்ரா உள்ளிட்ட பெருஞ்சொத்தும், அதை என்ன செய்வது என்ற கேள்வியும் அவரிடம் இருந்தன.

இந்தக் கேள்விக்கான விடை அதற்கு முன்பே அவர் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. 1891. வோல்கா மாகாணங்களில் பெரும்பஞ்சம். தல்ஸ்தோய் ரியாஸான் கிராமங்களில் கஞ்சித்தொட்டிகள் நடத்தத் தொடங்கிய ஆண்டு. பீட்டர்ஸ்பர்க் நகரின் ஏழைப் பகுதியொன்றில் ஆரம்பப்பள்ளி ஆசிரியையாக இருந்த அலெக்சாந்திரா பெஷெகொனொவா, பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஓர் உணவுக்கூடம் வைக்க உதவுமாறு இருபது வயதுச் சீமாட்டியிடம் கேட்டார். லிகோவ்கா என்பது அந்தப் பகுதி. ரயில்நிலையத்துக்கும் சரக்குக் கிடங்குகளுக்கும் பின்னால் கிடந்த விளிம்பு. வண்டிக்காரர்களும் கூலிகளும் ஆலைத் தொழிலாளரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அரண்மனைகளின் நகரத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஆனால் அரண்மனைக்காரர்கள் அங்கே நடந்து போனதில்லை.

பானினா போனார். அந்த ஆசிரியையைத் தம் குருவாக ஏற்றுக்கொண்டார் என்றால் மிகையில்லை. உணவுக்கூடம் ஆரம்பித்தார்கள். சாப்பிட்ட பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். பிள்ளைகளின் பின்னால் பெற்றோரும் வந்தார்கள். பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள் தேவைப்பட்டன. வகுப்புகளுக்கு நூலகம் தேவைப்பட்டது. ஒரு தேவை அடுத்த தேவையைப் பிறப்பித்தது. மேலிருந்து யாரும் திட்டம் வரைந்து கொடுக்கவில்லை. வாடகை அறைகள் போதாமற்போன நிலையில் 1903-இல் தம்போவ் தெருவில் பானினாவின் செலவில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. அதுவே லிகோவ்கா மக்கள் மாளிகை.

மக்கள் மாளிகை என்ற பெயரில் அப்போது ருஷ்யாவில் அரசே சில இடங்களை நடத்திவந்தது. 1890-களில் நிதியமைச்சர் வித்தே வோட்கா விற்பனையை அரசின் ஏகபோகமாக்கினார். அதோடு மதுவிலக்குப் பரப்பும் குழுக்களும் அரசாலேயே அமைக்கப்பட்டன. ஒரு கையால் சாராயம் விற்று, மறு கையால் குடிக்காதே என்று கேளிக்கை மண்டபம் கட்டிக்கொடுக்கிற வேடிக்கை. (இந்த வேடிக்கை நமக்கு அந்நியமானதன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.) அந்த மண்டபங்களின் நோக்கம் தொழிலாளியைச் சாராயக்கடையிலிருந்து அப்புறப்படுத்துவது. லிகோவ்காவில் நோக்கம் வேறாக இருந்தது. அங்கே நூலகமும் வாசிப்பறையும் இருந்தன, தேநீர்க்கூடம் இருந்தது, எழுத்தறியாதவர்களுக்கு மாலைப்பள்ளி, இலவசச் சட்ட ஆலோசனை, சேமிப்பு வங்கி ஆகியவை இருந்தன. வானத்தைப் பார்க்கத் தொலைநோக்கியோடு கூடிய ஒரு சிறு வானாய்வகமும் இருந்தது.

இந்த வானாய்வகத்தை நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன். பசித்தவனுக்குச் சோறு போடுவதை எல்லா அறமும் சொல்கிறது. எழுத்தறிவு கொடுப்பதைச் சீர்திருத்தவாதிகள் சொல்கிறார்கள். வண்டி ஓட்டிக் களைத்து வந்தவனுக்குச் சனிக்கோளின் வளையத்தைப் பார்க்கும் ஆசை இருக்கலாம் என்று எண்ணுவதற்கு வேறொரு மனம் வேண்டும். ஏழைக்கு எது போதும் என்று அளந்து கொடுக்காத மனம் அது.

நாடகமும் அப்படித்தான். பாவெல் கைதெபூரொவும் அவர் மனைவி நதேழ்தா ஸ்கார்ஸ்கயாவும் 1903-இல் அந்த மாளிகையின் அரங்கில் தம் நாடகக்குழுவைத் தொடங்கினார்கள். அனைவரும் அணுகக்கூடிய நாடகம் என்ற பொருள்பட அதற்குப் பெயர். முதல் நாடகம் ஒஸ்த்ரோவ்ஸ்கியின் ‘புயல்’. தொழிலாளர்களுக்கென்று எளிமைப்படுத்திய போதனை நாடகங்கள் அங்கே மேடையேறவில்லை. தலைநகரின் படித்தவர்கள் எதைப் பார்த்தார்களோ அதே தரத்து நாடகங்களை, வாங்கக்கூடிய கட்டணத்தில் லிகோவ்கா மக்கள் பார்த்தார்கள்.

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்திருக்கிறார். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதாமே, ஏன் இரண்டு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. அதில் கொடுப்பவன் மேலேயும் வாங்குபவன் கீழேயும் நிற்கிறார்கள். ஒப்புரவு என்பது தன்னிடமிருப்பதை ஊருக்குப் பொதுவென்று அறிந்து, ஊரோடு ஒத்து வாழ்வது. அதில் மேல் கீழ் இல்லை. பானினா உணவுக்கூடத்தில் ஈகையோடு தொடங்கி, பன்னிரண்டு ஆண்டுகளில் ஒப்புரவை வந்தடைந்தார் என்று இந்த மாளிகையைப் பார்த்துச் சொல்லலாம்.

ஆனால் ஒப்புரவால் தீராத கணக்குகள் ருஷ்யாவில் நிறைய இருந்தன. மாளிகையைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? தாத்தாவின் நிலங்களிலிருந்து, அந்த நிலங்களில் உழைத்த பண்ணையடிமைகளின் முதுகிலிருந்து. நூலகத்தில் வாசிக்கக் கற்றவன் ஒருநாள் இந்தக் கேள்வியையும் வாசிப்பான். 1905-இல் புரட்சி வெடித்தது. மக்கள் மாளிகையின் அரங்கம் அரசியல் கூட்டங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1906 மே 9 அன்று அங்கே நடந்த பெருங்கூட்டத்தில் கார்ப்பொவ் என்ற பெயரில் ஒருவர் பேசினார். வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வந்திருந்த அவர், ருஷ்ய மண்ணில் பகிரங்கமான பொதுக்கூட்டத்தில் பேசியது அதுவே முதல் தடவை. பேச்சின் போக்கிலேயே அவர் லெனின் என்பதைக் கூட்டத்தில் பலர் புரிந்துகொண்டார்கள். பானினா மிதவாதி, தம் அரங்கில் ஒலித்த கருத்துகள் பலவற்றை ஏற்காதவர். எனினும் அந்த மேடை திறந்திருந்தது.

1917 பிப்ரவரியில் ஜார் ஆட்சி வீழ்ந்தது. அதுவரை கட்சி அரசியலில் ஒதுங்கியிருந்த பானினா, தம் மாற்றாந்தந்தை பெத்ருன்கேவிச் நிறுவியவர்களில் ஒருவரான அரசியல்சட்ட ஜனநாயகக் கட்சியில் — சுருக்கமாகக் ‘கடேத்’ கட்சியில் — சேர்ந்தார். அதன் மத்தியக் குழுவிலும் இடம்பெற்றார். மே மாதம் தற்காலிக அரசு அவரை மக்கள்நலத் துறையின் துணை அமைச்சராக்கியது. உலகில் எந்த நாட்டிலும் ஒரு பெண் அமைச்சரவை மட்டத்தில் பொறுப்பு வகித்தது இதுவே முதல்முறை என்று சரித்திர ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். கோடையின் பிற்பகுதியில் கல்வித் துறைக்கு மாற்றப்பட்டார். அவருக்கு மேலே கல்வி அமைச்சராயிருந்தவர் பௌத்த நூல்களை ஆராய்ந்த இந்தியவியல் அறிஞர் செர்கேய் ஓல்தென்புர்க். சொத்துக்காரர்களும் பேராசிரியர்களும் நல்ல மனிதர்களுமாக நிறைந்திருந்த அந்த அரசு, போரை நிறுத்தவில்லை. நிலத்தைப் பங்கிடவில்லை. எல்லாவற்றையும் அரசியல் நிர்ணய சபை கூடித் தீர்மானிக்கட்டும் என்று தள்ளிப்போட்டது; அந்தச் சபைக்கான தேர்தலையும் தள்ளிப்போட்டது. போர்முனையில் செத்துக்கொண்டிருந்தவனுக்கும் நிலத்துக்குக் காத்திருந்தவனுக்கும் அந்தப் பொறுமை இல்லை. இந்தத் தாமதத்தின் பொறுப்பில் பானினாவுக்கும் பங்குண்டு. அதை மறைப்பது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

அக்டோபரில் போல்ஷ்விக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அமைச்சர்கள் கைதானார்கள். வெளியே இருந்த துணை அமைச்சர்கள் இரகசியமாகக் கூடி, தாங்களே இன்னும் சட்டபூர்வமான அரசு என்று கருதிச் சில காலம் இயங்கினார்கள். அவர்களில் பானினாவும் ஒருவர். கல்வி அமைச்சகத்தின் சுமார் 93,000 ரூபிள் பணத்தைப் புதிய ஆட்சியாளர் கையில் சிக்காதபடி வெளியே எடுத்து வைக்கச் செய்தார். அது எங்கே என்று கேட்டபோது சொல்ல மறுத்தார். நவம்பர் 28, அரசியல் நிர்ணய சபை கூடுவதாக இருந்த நாள். அன்று காலை அவர் கைதுசெய்யப்பட்டார். அதே வீட்டில் தங்கியிருந்த கடேத் தலைவர்கள் ஷிங்கரியொவும் கொகோஷ்கினும்கூடக் கைதானார்கள். கடேத் கட்சித் தலைவர்களை மக்களின் விரோதிகள் என்று அறிவிக்கும் ஆணையும் அன்றே வந்தது.

டிசம்பர் 10 அன்று பெத்ரோகிராத் புரட்சி நீதிமன்றம் அவரை விசாரித்தது. (இங்கே தரும் நாள்கள் எல்லாம் அன்று வழக்கிலிருந்த பழைய ருஷ்ய நாள்காட்டிப்படியானவை; புதிய கணக்குக்குப் பதின்மூன்று நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.) சோவியத் ஆட்சியின் முதல் அரசியல் விசாரணை என்று இதைச் சொல்கிறார்கள். இடம், ஜார் குடும்பத்துப் பெருங்கோமகன் ஒருவரின் அரண்மனை மண்டபம். நீதிபதிகள், தலைவர் ஒருவரும் உறுப்பினர் அறுவருமாக எளிய மக்கள். குற்றவாளிக் கூண்டில், முப்பது வருடங்கள் எட்டாத அளவுக்கு இருபதாண்டுகளுக்கு மேல் ருஷ்யாவின் நீதி அமைச்சராக இருந்தவரின் பேத்தி. அவர் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டார்.

அந்த நீதிமன்றத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பார்வையாளரில் யார் வேண்டுமானாலும் எழுந்து, குற்றஞ்சாட்டியோ குற்றஞ்சாட்டப்பட்டவருக்காகவோ பேசலாம். பானினாவுக்காக இவானோவ் என்ற தொழிலாளி எழுந்தார். மக்கள் மாளிகையில் எழுத்தறிவு பெற்றவர் அவர். இருட்டிலிருந்த தமக்கும் தம் போன்றவர்களுக்கும் கிடைத்த வெளிச்சத்தைச் சொன்னார்; நீதிபதிகளின் முன்னிலையிலேயே சீமாட்டிக்கு நன்றி கூறினார். கூட்டம் நெகிழ்ந்தது. பிறகு இன்னொரு தொழிலாளி எழுந்தார். பானினா செய்த நன்மைகளை அவர் மறுக்கவில்லை. தனிமனிதரின் நன்மை வேறு, இந்த வழக்கு வேறு என்றார். மக்கள் தாங்களே அதிகாரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தில் இவர் அந்த அதிகாரத்தை எதிர்த்து நிற்கிறார், அதற்குத்தான் இவர் பதில் சொல்லவேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

இந்த இரண்டு தொழிலாளர்களில் யார் பேசியது உண்மை? இருவரும் உண்மையைத்தான் பேசினார்கள் என்பதே இந்த வழக்கை மறக்கமுடியாததாக்குகிறது. முதலாமவர் தமக்குக் கிடைத்ததைச் சொன்னார். இரண்டாமவர் யாரோ கொடுத்துப் பெறவேண்டிய நிலையே இனி இருக்கக்கூடாது என்றார். நன்றியை வாங்கிக்கொண்ட கை, உரிமை கேட்டு நீளும்போது அதற்கு வழிவிடுமா என்பது எல்லாக் கொடையாளர்களிடமும் ஒருநாள் கேட்கப்படும் கேள்வி.

ஆனால் பானினா சொன்ன பதிலையும் கவனிக்கவேண்டும். பணம் தம்முடையது என்று அவர் சொல்லவில்லை. தம் வர்க்கத்துடையது என்றும் சொல்லவில்லை. அது மக்களின் பணம், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, மக்கள் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபையிடம் மட்டுமே கணக்குக் கொடுப்பேன் என்பதே அவர் நிலை. மக்களின் பெயரால் பேசுகிறோம் என்று துப்பாக்கியோடு வந்தவர்களை மக்களாக ஏற்க அவர் தயாராயில்லை. இரண்டாவது தொழிலாளிக்கு மக்கள் என்றால் புரட்சி. பானினாவுக்கு மக்கள் என்றால் வாக்குச்சீட்டு. வாக்குச்சீட்டைப் பல மாதங்கள் தள்ளிப்போட்ட அரசில் அங்கம் வகித்தவர் அதைச் சொன்னது அவருடைய வாதத்தின் பலவீனம். அந்த வாதம் பொய் என்று அதனால் ஆகிவிடாது.

தீர்ப்பு வந்தது. பணத்தைக் கல்வித் துறைக்குச் செலுத்தும்வரை சிறை; அத்துடன் மக்கள் முன்னிலையில் ஒரு கண்டனம். அவ்வளவுதான். பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டினை நினைத்து நடுங்கியிருந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. நண்பர்களும் ஆதரவாளர்களும் பணத்தைத் திரட்டிக் கட்டினார்கள். டிசம்பர் 19 அன்று பானினா வெளியே வந்தார். ஒருவகையில் அந்த நீதிமன்றம் இவானோவின் நன்றியையும் எடை போட்டுத்தான் தீர்ப்புச் சொன்னது என்று நான் நினைக்கிறேன். சட்டப்புத்தகம் இல்லாத நீதிபதிகளுக்கு மனச்சாட்சி இன்னும் கலங்காமல் இருந்த நாள்கள் அவை. அந்த நாள்கள் நீடிக்கவில்லை. ஜனவரி 5-இல் கூடிய அரசியல் நிர்ணய சபை மறுநாளே கலைக்கப்பட்டது. அதற்கடுத்த இரவு, சிறையிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றப்பட்டிருந்த ஷிங்கரியொவும் கொகோஷ்கினும் படுக்கையிலேயே மாலுமிகளால் கொல்லப்பட்டார்கள். பானினா யாரிடம் கணக்குக் கொடுக்கக் காத்திருந்தாரோ அந்தச் சபையும் இல்லை. அவரோடு கைதான நண்பர்களும் இல்லை.

கொல்லொந்தாயை இங்கே மறுபடி நினைவுகூர வேண்டும். அவர் 1872-இல் பிறந்தவர், பானினாவுக்கு ஒரு வயது இளையவர். அவரும் ஒரு தளபதியின் மகள், உயர்குடிப் பெண். இருவருமே தம் பிறப்பு கொடுத்த வசதியைக் குற்றவுணர்வோடு பார்த்து, ஏழைகளின் பக்கம் வந்தவர்கள். ஒருவர் தம் சொத்தைக்கொண்டு மாளிகை கட்டினார். மற்றவர் சொத்து என்பதையே ஒழிக்கும் கட்சியில் சேர்ந்தார். பானினா துணை அமைச்சராக இருந்த அதே மக்கள்நலத் துறைக்குச் சில மாதங்களில் கொல்லொந்தாய் ஆணையராக வந்தார். தாய்சேய் நலத்துக்காக அவர் முனைந்து செய்த பணிகள் குறிப்பிடத்தக்கவை. பிற்பாடு, தொழிலாளர்களுக்கே அதிகாரம் வேண்டும் என்று தம் கட்சிக்குள் வாதாடியதால் ஓரங்கட்டப்பட்டு, தூதராக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார். ஒருவரை நாட்டை விட்டுத் துரத்திய அதே அலை, இன்னொருவரையும் வெகுதூரம் கொண்டுபோய் விட்டது.

பானினா தெற்கே போனார். உள்நாட்டுப் போரில் வெள்ளைப் படை தோற்ற பின் 1920-இல் ருஷ்யாவை விட்டு வெளியேறினார். மார்ஃபினோ போயிற்று, காஸ்ப்ரா போயிற்று, லிகோவ்கா மாளிகையும் போயிற்று. ஜெனீவாவில் சில காலம். பிறகு பிராகு நகரம். ருஷ்ய அகதிகளுக்கு ஆதரவளித்த செக்கோஸ்லோவாக்கிய அதிபர் மசாரிக்கின் காலம் அது. அங்கே 1925-இல் ‘ருஷ்ய அடுப்பங்கரை’ என்று பொருள்படும் பெயரில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டு, பானினா அதை நடத்தினார். வாசிப்பறை, நூலகம், சொற்பொழிவுகள், ஒரு கோப்பைத் தேநீர், குளிர்காயக் கொஞ்சம் கதகதப்பு. லிகோவ்காவின் சிறிய நகல் அது. இம்முறை அவரிடம் பரம்பரைச் சொத்து இல்லை. வாசலில் நிற்கும் ஏழைகளைப் போலவே அவரும் ஓர் அகதி. முன்பு பணத்தைக்கொண்டு செய்தது பணமில்லாமலும் செய்யக்கூடியதுதான் என்பது நிரூபணமாயிற்று. இரண்டாவது தொழிலாளியின் கேள்விக்குப் பானினாவின் வாழ்க்கை சொன்ன மிகச் சிறந்த பதில் இந்தப் பிராகு ஆண்டுகள்தாம் என்பது என் எண்ணம். உடைமையெல்லாம் பறிபோன பிறகும் எஞ்சிநின்ற குணம், உடைமையால் வந்ததாக இருக்கமுடியாது.

ஹிட்லரின் படை 1939 மார்ச்சில் பிராகுக்குள் நுழைவதற்கு முன் அவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அந்த ஆண்டு நியூயார்க்கில் தல்ஸ்தோய் அறக்கட்டளை என்ற அமைப்பு உருவாயிற்று. ருஷ்ய அகதிகளுக்கும், பின்னர் இரண்டாம் உலகப்போரில் வீடிழந்து முகாம்களில் கிடந்தவர்களுக்கும் உதவிய அமைப்பு அது. நிறுவியவர் தல்ஸ்தோயின் கடைசி மகள் அலெக்சாந்திரா. 1901-இல் நோயாளித் தந்தையோடு காஸ்ப்ராவுக்கு வந்து பானினாவின் கூரையின்கீழ்த் தங்கியபோது அவர் பதினேழு வயதுப் பெண். நாற்பது ஆண்டுகள் கழித்து, இருவருமே நாடிழந்தவர்களாக, அந்நிய நகரம் ஒன்றில், தம்மைவிட எளியவர்களுக்குக் கூரை தேடிக்கொண்டிருந்தார்கள். பானினா 1956-இல் நியூயார்க்கில் காலமானார். வயது எண்பத்து நான்கு. பானின் பிரபுக்குலம் அவரோடு முடிந்தது.

லிகோவ்கா மாளிகை பிற்காலத்தில் ரயில்வேத் தொழிலாளரின் பண்பாட்டு இல்லமாயிற்று. காஸ்ப்ரா மாளிகை ஒரு நோயாளர் ஓய்வில்லமாகி, தல்ஸ்தோயின் சொந்த ஊர்ப் பெயரான யாஸ்னயா பொல்யானா என்ற பெயரைப் பெற்றது. இரண்டும் பொதுமக்களின் உபயோகத்துக்கே போயின. பறித்தவர்கள் செய்ததும், பறிகொடுத்தவர் செய்ய நினைத்ததும் இந்த ஒரு புள்ளியில் ஒன்றாகிப் போயின என்பதைச் சரித்திரத்தின் குறும்பு என்பதா, கருணை என்பதா தெரியவில்லை.

முதுமையில் பானினா எழுதிய நினைவுக் கட்டுரையொன்று, அவர் மறைந்த மறு ஆண்டு நியூயார்க்கின் ருஷ்ய இதழ் ஒன்றில் வெளியாயிற்று. அமைச்சர் பதவி பற்றியதன்று அது. பீட்டர்ஸ்பர்க்கின் விளிம்புப் பகுதியையும், அங்கே ஒரு பள்ளி ஆசிரியையோடு சேர்ந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, எழுத்துக் கற்பித்து வாழ்ந்த ஆண்டுகளையும் பற்றியது. நீதிமன்றத்தில் அவர் கொடுக்க மறுத்த கணக்கு ஒன்று உண்டு. கடைசியில், யாரும் கேளாமலே, அவர் கொடுத்துவிட்டுப் போன கணக்கு இது.